முதுகுக் காட்சி

மைக்கின் முன்னால் போய் நிற்பதற்கு முன் அவள் வளையல்களைக் கழற்றி வைத்துவிடுவாள். கையை ஆட்டி அழும்போது அவை குலுங்கிக் காரியத்தைக் கெடுத்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அழுவதுதான் அவளுக்குப் பிழைப்பு. சீரியல்களில் முதலில் மனைவிக்கு அழுதாள், பிறகு மருமகளுக்கு, தலை நரைக்கத் தொடங்கியதும் அம்மாவுக்கு. திரையில் வாயசைப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அழுகை மட்டும் ஒன்றேதான். டப்பிங் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவள் அழுகாச்சி அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரும் சவுண்டு அண்ணன் அவளைவிட மூத்தவர், அவருக்கும் அக்காதான்.

ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மூன்று விதமாக விசும்பத் தெரிந்தவளுக்கு இன்று நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. நிஜமாக அழுதால் திரையில் அசையும் வாயோடு குரல் ஒட்டாது.

"இன்னொரு டேக் போலாம்க்கா. தண்ணி குடிங்க," என்றார் சவுண்டு அண்ணன்.

பதினெட்டு நாளுக்கு முன்னால் இதே அறையில்தான் அது நடந்தது. இந்த சீரியலில் அம்மா தன் மகளிடம் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு வசனம் சொல்வாள்: "தாங்கிக்கோடி, தாங்குறவதான் பொண்ணு." ஊரே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தது, சிலர் ரிங்டோனாகவே வைத்திருந்தார்கள். அன்று நடிகையின் வாய் சீக்கிரம் மூடிக்கொண்டதால் பதினோரு டேக் போய்விட்டது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, முடியலம்மா. நேத்து கழுத்தப் பிடிச்சுட்டாரு. நான் வந்துடட்டுமா?"

பதினோரு முறை சொன்ன வாய் பன்னிரண்டாவது முறையும் சொல்லிவிட்டது. அதே இழுப்பு, அதே நடுக்கம், கடைசியில் அதே பெருமூச்சு.  "சரிம்மா" என்று மகள் போனை வைத்துவிட்டாள். பதறிப்போய் இவள் உடனே திரும்ப அழைத்தாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. இன்று வரை அப்படியேதான் இருக்கிறது.

வாய் தவறிவிட்டது என்று முதல் இரண்டு நாள் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். வாய்க்கு மட்டும் தனியாக மூளையா இருக்கிறது? அந்த ஒரு நொடியில், மகள் பெட்டியோடு படியேறி வருவதும் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறப்பதும் அவள் கண்ணில் தெரியத்தான் செய்தது. அதை நினைத்தால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இரண்டு முறை அறைந்துகொண்டும் பார்த்தாள்.

மகளின் வீட்டுக்குப் போனாள். சம்பந்தியம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "கடைக்குப் போயிருக்கா. உங்கள மாதிரி அம்மா கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். என்ன ஒரு புத்தி சொல்லியிருக்கீங்க! பொண்ணு அதுக்கப்புறம் வாயே திறக்கறதில்ல." மாடி ஜன்னலில் திரை ஒருமுறை அசைந்தது. இவள் கீழே நின்று மகள் பேரைச் சொல்லிக் கத்தினாள். திரை மறுபடி அசையவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள். ஏட்டு பாதி கேட்டதுமே முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "இந்தக் குரல எங்கயோ கேட்டிருக்கேனே! அந்த அம்மா நீங்கதானா? என் சம்சாரம் உங்க குரலுக்குப் பைத்தியம்மா. ஒரே ஒரு தடவ அந்த டயலாக்க இதுல சொல்லுங்க," என்று செல்போனை நீட்டினார். அவள் கதறி அழுதாள். அவர் அதையும் ரசித்துப் பதிவு செய்துகொண்டார். புருஷன் பொண்டாட்டி சண்டையில் மூன்றாம் மனுஷன் நுழையக் கூடாது என்று அவளுக்கு அறிவுரையும் சொல்லி அனுப்பினார்.

இனி ஒரே வழிதான் பாக்கி. அந்த வீட்டில் சாயங்காலம் ஆறரை மணிக்கு எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து இந்த சீரியலைப் பார்த்தாக வேண்டும், அது மாமியாரின் சட்டம். "தினமும் உன் குரலக் கேக்கறேன்மா, எனக்கு அது போதும்," என்று கல்யாணமான புதிதில் மகள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

"டேக்," என்றார் சவுண்டு அண்ணன்.

திரையில் அம்மா, வீட்டுக்கு வந்த மகளைப் புருஷனிடமே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். வசனம் முடிந்ததும் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். ஆறு விநாடி. தாளில் அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. வாய் தெரியாத இடத்தில் எந்தச் சொல்லும் ஒட்டும், இது டப்பிங்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவள் மைக்கை நெருங்கினாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புடி. இப்பவே கிளம்பி வந்துடு. எப்ப வேணாலும் வா."

சவுண்டு அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "பேப்பர்ல இல்லையேக்கா."

"இருக்கட்டும்ணே. அழிச்சிடாதீங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். "நான் அழிக்க மாட்டேன். ஆனா இதுக்கு மேல மியூசிக் போடற ஆள் ஒருத்தர் இருக்காரு. அது என் கையில இல்லக்கா."

நான்காம் நாள் அந்தக் காட்சி வந்தது. அவள் டிவிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா திரும்பினாள். "அன்னிக்கு நான்" என்பது வரை தெளிவாகக் கேட்டது. அதற்குள் பத்து வயலின்கள் ஒன்றாகச் சேர்ந்து எழுந்து மிச்சத்தை விழுங்கிவிட்டன. ஒலியைக் கடைசி வரை ஏற்றினாள், வயலின்தான் பெரிதாகக் கேட்டது. குரல் இல்லாத அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு, மகளைப் பிரிய முடியாமல் அழும் ஒரு நல்ல தாய்.

 கதவைத் திறந்து வெளியே வந்தாள். எதிர் வீட்டிலிருந்தும் மேல் வீட்டிலிருந்தும் அதே வயலின் வந்துகொண்டிருந்தது. அவள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடையில் நின்று, யாரும் எழுதிக் கொடுக்காத குரலில், வயலினுக்கு மேல் கத்தினாள்.

"தப்புடி, நான் சொன்னது தப்பு! கிளம்பி வந்துடுடி! எப்ப வேணாலும் வா!"

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. எட்டு மாதத்துக்கு முன் கல்யாணமாகி வந்த பெண். குப்பைக்கூடையோடு படியில் எதிர்ப்படும்போதெல்லாம் சிரிக்கிறவள், சிரிப்பைத் தவிர வேறொன்றும் பேசாதவள். இப்போது சிரிக்கவில்லை. செருப்பில்லாமல் வெளியே வந்து அவளுக்கு அருகில் நின்றாள்.

"எப்ப வேணாலும்னா," என்றாள் மெதுவாக, "இப்பவேகூட வரலாமாக்கா?"

"யாருடி அங்க? கதவ ஏன் திறந்து போட்டிருக்க?" உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. திறந்த கதவு வழியாக டிவி தெரிந்தது. சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருத்தி, துவைத்த வெள்ளைச் சட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்து, இந்தப் பெண் நேற்று வரை படியில் சிரித்ததைப் போலவே சிரித்துக்கொண்டே இருந்தாள்.