ஒன்பதாவது ஆள்

1

இடுப்பு வலிக்கிறது. காலையிலிருந்து நாற்காலியில் இருந்து இந்தக் கதைக்கு நான்கு தொடக்கம் எழுதி நான்கையும் அடித்தாயிற்று. வலிக்கிறது என்று வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொன்னால் அம்மை தைலக் குப்பியோடு வந்து நிற்பாள். முப்பத்தோரு வருஷம் அண்டி ஆபீசில்* குத்தவைத்து இருந்து கொட்டை உடைத்தவள், கதை எழுதி வந்த வலிக்கு எனக்குத் தைலம் தேய்ப்பாள். இன்றைக்கு அதற்கு முதுகைக் காட்டிக் கொடுக்க என்னால் முடியாது. கதை அவளைப் பற்றியது.

(* முந்திரிப்பருப்பு ஆலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். ஆபீஸ் என்பது பெயரில்தான். நாற்காலி கணக்கப்பிள்ளைக்கு மட்டும்.)

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செல்போனில் வந்த ஒரு செய்தியிலிருந்து. அதற்கு நான் அனுப்பிய ஒற்றைச் சொல் பதிலிலிருந்து. இரண்டும் ஐந்தாம் பகுதியில் வரும்.

'நான்' என்றே எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே எனக்காக வாதாடத் தொடங்கிவிட்டேன். [தனியார் பள்ளியில் எனக்குச் சம்பளம் பதினாலாயிரம்தான் என்றும், வேன் வாடகையே]. இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். ஷைஜா என்று ஒருத்தியை வைத்துக்கொள்கிறேன். வயது முப்பத்தெட்டு, மார்த்தாண்டம் பக்கம் கணக்கு டீச்சர். அவள் செய்ததெல்லாம் நான் செய்தது. மூன்றாம் ஆளாக நிறுத்தினால் திட்டுவதற்கு வசதியாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம் இப்படி: 'மாடியிலிருந்து பார்த்தால் கடல் நீலமாக விரிந்து'. அடித்துவிட்டேன். யாருக்காக அந்த வீட்டை எடுத்தார்களோ அவள் மாடி ஏறவில்லை. பிறகு நீலத்தை யார் கண்ணால் எழுத?

இரண்டாவது தொடக்கம் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. ஷைஜாவின் தம்பி அபினேஷ் குவைத்திலிருந்து இருபத்தைந்து நாள் லீவில் வந்தான். வந்த மூன்றாம் நாள், அம்மை நேசம்மாள் தேங்காய் துருவிக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிவிழுவதைப் பார்த்தான். கடல் தெரிகிற வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து அம்மையை இரண்டு நாள் ஒரு வேலையும் செய்யவிடாமல் இருத்த வேண்டும் என்று அன்றைக்கே சொன்னான். செலவு பாதிப் பாதி. வீடு பிடிக்கிற பொறுப்பு ஷைஜாவுக்கு.

இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு மாடிவீடு கிடைத்தது. சொந்தக்காரர் பெங்களூரில். பார்த்துக்கொள்வது கிளாரா என்கிற பெண். பக்கத்து வளவில் குடியிருக்கிறாள், புருஷன் கடலுக்குப் போகிறவன். கிளாரா போனில் நிபந்தனைகளை ஒப்பித்தாள். எட்டுப் பேர் தங்கலாம். அதற்கு மேல் போனால் தலைக்கு, இரவுக்கு ஆயிரத்து இருநூறு. சமையலுக்கு ஆள் கூட்டிவந்தால் அந்த ஆளுக்குக் காசு கிடையாது, பின்னறையில் படுத்துக்கொள்ளலாம்.

ஷைஜா, புருஷன், பிள்ளைகள் என்று நான்கு பேர். அபினேஷ், மனைவி, பிள்ளைகள் என்று நான்கு பேர். எட்டு சரியாக வந்தது. ஒன்பதாவது ஆள் அம்மை.

ஷைஜா கணக்கு டீச்சர் அல்லவா. பெயர்ப் பட்டியலின் அடியில் 'சமையலுக்கு ஒரு ஆள், நேசம்மாள், 63' என்று அடித்து அனுப்பினாள். இரண்டு இரவுக்கு மிச்சம் இரண்டாயிரத்து நானூறு.

(இதைப் படித்துவிட்டு நீங்கள் பதறலாம். எங்கள் ஆட்களுக்கு இது பதறுகிற காரியமே இல்லை. எங்கே வாடகை வீடு எடுத்தாலும் அரிசி, தேங்காய், புளி, மீன்சட்டி எல்லாம் எங்களோடு வேன் ஏறும். சட்டி ஏறினால் கூடவே அம்மையும் ஏறுவாள், சட்டி அவளுடையது. சமையலுக்கு ஆள் என்று எழுதியபோது ஷைஜாவுக்குப் பொய் எழுதுகிறோம் என்றே தோன்றவில்லை. அதுதான் இந்தக் கதையில் ஆகக் கேவலமான இடம். மற்றது பின்னால் வருகிறது.)

வேனில் அம்மையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அவளுக்கும் இரண்டாயிரத்து நானூறு ரூபாய் பெரிசு.

3

கிளாராவை முதலில் கெட்டவளாக எழுதினேன். உதடு மடித்துப் பேசுகிறவள், சாவிக்கொத்தை ஆட்டுகிறவள். இரண்டு பக்கம் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. அவள் அப்படி இருக்கவில்லை.

வேனிலிருந்து இறங்கியதும் அவள் எட்டுப் பேரையும் முன்வாசல் வழியாக உள்ளே அனுப்பிவிட்டு, மீன்சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு நேசம்மாளைப் பின்பக்கமாகக் கூட்டிப் போனாள். பின்னறையில் வெறும் கட்டில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு மெத்தையைச் சுருட்டிச் சுமந்துகொண்டு வந்து போட்டாள். போட்டுக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்:

"மாடிக்கு மட்டும் நீங்க கேறாண்டாம் எக்கா. படியில கேமரா உண்டு. போன மாசம் ஒரு பார்ட்டிக்க கூட சமையலுக்கு வந்த அம்மா பால்கனியில கால நீட்டி இருந்துற்று. ஓனரு பெங்களூருல இருந்து பாத்துட்டு எனக்க வேலையத் தீத்துருவேண்ணு சத்தம் போட்டாரு."

நேசம்மாள் தலையாட்டினாள்.

அந்த வீட்டில் கடல் தெரிவது மாடியிலிருந்து மட்டும்தான். கீழே ஆளுயரத்துக்கு மேல் மதில். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் மதிலில் பூசிய சிமென்ட் தெரியும். கடல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சாயங்காலம் அபினேஷ் அம்மையைத் தேடிக் கீழே வந்தான். மாடிக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தான். அவள் வரவில்லை. கேமரா, ஓனர், கிளாராவின் வேலை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஷைஜாவிடம் போய், உண்மையைச் சொல்லிக் காசைக் கொடுத்துவிடுவோம், அது ஒரு நாள் சம்பளத்துக்குக்கூடக் காணாது என்றான். அவனுக்குக் காணாது. ஷைஜா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"இப்ப போய் சொன்னா நம்ம கள்ளம் சொன்னதாட்டு ஆவும்லே. நாளைக்குப் பாப்போம்."

பிறகு அவனும் மாடிக்குப் போய்விட்டான். அன்றைக்கு மேலே எட்டுப் பேரும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றார்கள். தட்டுகளை ஷைஜா கீழே கொண்டுவந்து கொடுத்தாள். கழுவுகிறேன் என்றுகூடச் சொன்னாள். கிளாரா விடவில்லை.

4

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடலாமா என்று யோசித்தேன். 'மறுநாளும் அவ்வாறே கழிந்தது' என்று ஒரு வரி போட்டால் போதும், கதை தாண்டிவிடும். நீங்களும் கவனிக்கமாட்டீர்கள்.

மறுநாள் மத்தியானம். ஷைஜா காலி ஜக்கோடு கீழே வந்தாள். அடுக்களையில் நேசம்மாளும் கிளாராவும் தரையில் எதிரெதிராக இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு செம்பில் பால் விடாத கட்டஞ்சாயா. கிளாராவின் முதுகு வாசல் பக்கம்.

"இவ்வோ எப்பிடி எக்கா, நல்லா நடத்துவாவளா?"

"குத்தம் சொல்லப்படாது" என்றாள் நேசம்மாள். "சின்னதுல இருந்தே நான் பாத்து வளந்த பிள்ளைகதான்."

"உங்களுக்குப் பிள்ளைகள்?"

"ரெண்டு உண்டு."

"பாக்குமா?"

நேசம்மாள் தலையை நிமிர்த்தினாள். வாசலில் ஷைஜா நிற்பதைக் கண்டாள். கண்டுகொண்டேதான் சொன்னாள்.

"நல்லா பாக்கும். ஒரு கொறையும் வைக்காது."

கிளாரா திரும்பிப் பார்த்தாள். மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "என்ன வேணும் மேடம்?"

[ஷைஜா ஜக்கைத் தரையில் வைத்தாள். அம்மையின் பக்கத்தில் போய் இருந்தாள். "கிளாரா, இது எனக்க]

[ஷைஜாவின் தொண்டை அடைத்தது. அவள்]

இரண்டும் பொய். அப்படியே கிடக்கட்டும், எங்கே பொய் சொல்லக் கை வந்தது என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

"வெள்ளம்" என்றாள் ஷைஜா.

கிளாரா கை நீட்டுவதற்குள் நேசம்மாள் எழுந்துவிட்டாள். அவள் எழுவது ஒரு பாடு. முதலில் உள்ளங்கை தரையில், பிறகு இடது முட்டு, பிறகு சுவர். ஜக்கை வாங்கித் தண்ணீர் நிறைத்தாள். அண்டித்தோட்டு எண்ணெய் தின்ற கறுத்த விரல்களால் அதன் வெளிப்பக்கத்தைத் துடைத்தாள். நீட்டினாள்.

"பாத்துக் கேறுங்கம்மா. படி வழுக்கும்."

முப்பத்தெட்டு வருஷத்தில் நேசம்மாள் தன் மகளை வாங்க, போங்க என்று சொன்னதில்லை. ஏட்டி என்பாள், மக்களே என்பாள், கோபம் வந்தால் சவமே என்பாள். ஷைஜா ஜக்கை வாங்கிக்கொண்டு படி ஏறினாள். வழுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வீட்டைக் காலி செய்தபோது கிளாரா நேசம்மாளின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

5

இரண்டரை மாதம் கழித்து வந்தது அந்தச் செய்தி. அதற்கு முன்பே சில சனிக்கிழமைகளில் நேசம்மாள் பெண்கள் ஐக்கியக் கூட்டம் என்று சொல்லிக் காலையில் கிளம்பி, ஞாயிறு ஆராதனையையும் விட்டுவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பியிருக்கிறாள். இரண்டு நாள் கூட்டமா என்று ஷைஜா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

பள்ளிக்கூடத்தில், பத்தாம் வகுப்புத் தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. செய்தியை அப்படியே தருகிறேன்.

'மேடம் நான் கிளாரா. நேசம்மாள் அக்காவ வாற சனி ஞாயிறும் இங்க விட்டுத் தருவீங்களா. ஒரு பார்ட்டி உண்டு. இதுவரைக்கும் உங்கட்ட கேக்காம கூப்பிட்டேன், தப்புதான். நாளுக்கு தொள்ளாயிரம் குடுக்கேன். உங்க வீட்டு வேலைக்கு இடைஞ்சல்னா வேண்டாம்.'

ஷைஜா பதில் அடித்தாள். நீளமாக அடித்தாள். 'கிளாரா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் என்னுடைய' வரைக்கும் போனாள். பக்கத்து மேசை டீச்சர் சாயா வேணுமா என்று கேட்டாள். ஷைஜா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அடித்ததை எல்லாம் அழித்தாள். 'சரி' என்று அனுப்பினாள்.

அவ்வளவுதான். அம்மையை விட்டுத் தருவீர்களா என்று ஒருத்தி மரியாதையாகக் கேட்டாள். விட்டுத் தந்தேன்.

(ஷைஜா என்று எழுதியிருக்க வேண்டும். திருத்தவில்லை.)

அன்று சாயங்காலம் நேசம்மாள் வளவில் துணி கழுவிக்கொண்டிருந்தாள். ஷைஜா செய்தியைக் காட்டினாள். நேசம்மாள் முகத்தில் களவு பிடிபட்ட கலக்கம் எதுவும் இல்லை. தொள்ளாயிரத்தில் பஸ் காசு போக மிச்சத்தைச் சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். பார்ட்டி போனபிறகு, தூசி தட்டுகிற சாக்கில் கிளாரா படிக் கேமராமேல் துவர்த்துத் துண்டைப் போட்டு மூடி, தன்னைக் கைபிடித்து மாடிக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் இருத்தியதாகவும் சொன்னாள். இரண்டு பேருமாக அரை மணிக்கூர் இருந்தார்களாம். கடல் எப்படி இருந்தது என்று ஷைஜா கேட்டாள்.

"கடல்ல என்னத்தப் பாக்க. காத்து நல்லாருக்கு."

அப்போது ஷைஜா சொன்னாள், அந்த ஞாயிற்றுக்கிழமையே தானும் வந்து கிளாராவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாக. நேசம்மாள் பிழிந்துகொண்டிருந்த துணியை வாளியில் போட்டாள்.

"சொல்லிராத மக்களே. எனக்க பிள்ளைகள் நல்லா பாக்கும்ணு நான் சொல்லிருக்கேன். நீ வந்து நிண்ணா அது பொய்யாப் போவும்."

6

முடிவுகள்.

ஒன்று: ஷைஜா அம்மையின் பேச்சைக் கேட்காமல் நாகர்கோவிலில் பஸ் மாறி அந்த வீட்டுக்குப் போகிறாள். சொல்கிறாள். கிளாரா அழுகிறாள், மூன்று பேரும் கட்டிக்கொள்கிறார்கள். இதை எழுதி முடித்தும்விட்டேன், ஒன்றரைப் பக்கம். அச்சில் நன்றாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு கிளாரா அம்மையை எக்கா என்று கூப்பிட்டு உள்ளி உரிக்க முன்னால் இருத்துவாளா? டீச்சரின் அம்மையை? பரிதாபப்பட்டு நாற்காலி எடுத்துப் போடுவாள். அம்மைக்கு வேண்டியது அது இல்லை.

இரண்டு: ஷைஜா சொல்லாமலே இருக்கிறாள். நேசம்மாள் முட்டு தாங்குகிறவரை போய் வருகிறாள். இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. நடப்பதை முடிவு என்று போட மனசு வரவில்லை.

மூன்று: அபினேஷ் அடுத்த லீவில் வந்து அதே வீட்டை எடுத்து, ஒன்பது பேர் என்று எழுதி, அம்மையை முன்வாசல் வழியாகக் கூட்டிப்போகிறான். கிளாரா வாசலில் நிற்கிறாள். அவளைப் பார்த்ததும் அம்மை

இதற்கு மேல் ஓடவில்லை. அந்த இடத்தில் அம்மையின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவள் முகம் தெரியவில்லை என்றால் பிறகு என்ன கதை எழுதுகிறேன்.

உங்களில் யாராவது ஒருவர் குடும்பத்தோடு அந்த வீட்டை வாடகைக்கு எடுக்கலாம். அடுக்களையில் கறுத்த விரல்களோடு ஒருத்தி இருந்தால், கறி நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் உண்டா என்று கேட்டால் நல்லா பாக்கும் என்பாள். அதை நம்பிவிட்டு மாடி ஏறுவதா, கிளாராவைத் தனியே கூப்பிட்டு இந்தக் கதையைச் சொல்வதா என்பது உங்கள் பாடு. எனக்கு அம்மை வாய்ப்பூட்டு போட்டிருக்கிறாள். அதற்குள் ஒளிந்துகொள்ள எனக்கு வசதியாகவும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாவது ஆளுக்குரிய இரண்டாயிரத்து நானூறை, பீங்கான் தட்டு உடைந்த வகையில் என்று ஒரு காரணம் சொல்லிப் போன வாரம் கிளாராவுக்கு அனுப்பிவிட்டேன். அவள் தட்டுகளை எண்ணிப் பார்த்து, ஒன்றும் உடையவில்லையே மேடம் என்று கேட்டாள். பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். காசு தீர்ந்தது. அந்த அடுக்களையில் கிளாராவுக்கு முன்னால், அம்மையின் காதுபட, "இது எனக்க அம்மை" என்று நான் சொல்ல வேண்டியது பாக்கி.