திரும்பிப் போகாத தட்டுகள்

சீனன்குடாவில், தபால் கந்தோர் ஒழுங்கையில், ஸாலிஹாவின் வீடு 2020 நவம்பர் நான்காம் திகதி காலை பத்தரை மணிக்கு நிலத்தை விட்டு ஒரு சாண் எழும்பியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முனீப் படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தபோது அது நடந்தது. சத்தம் எதுவும் இல்லை. அத்திவாரக் கல்லும் சீமெந்தும் வீட்டோடு சேர்ந்தே கிளம்பின. கீழே ஈரமண்ணும் இரண்டு தேரைகளும் மிஞ்சின. முனீப் அளவு நாடாவை எடுத்து உயரத்தை அளந்து பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அன்று ஒழுங்கையில் பாண் கிடைத்தது, முட்டை கிடைக்கவில்லை.

ஸாலிஹாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கணவர் மௌத்தாகிப் பன்னிரண்டு வருடமாகியிருந்தது. ஒரே மகள் அப்ரா நிறைமாதம். மருமகன் றிஸ்கான் கொழும்பில் ஒரு மீன் சந்தையில் பெட்டி இறக்குபவன். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கவேண்டும் என்று, சந்தை மூடப்பட்ட கையோடு மீன் லொறியில் ஏறி வந்து ஒரே ஒரு இரவு வீட்டில் படுத்தான். மறுநாள் காய்ச்சல். பரிசோதனையில் கொரோனா என்று வந்தது. அம்புலன்ஸ் வந்து அவனைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனது. தாயும் மகளும் வீட்டில் மிஞ்சினார்கள். பிள்ளை வயிற்றில் குறுக்காகக் கிடக்கிறது, வீட்டில் பெற ஏலாது, முதல் வயிற்றுக்குத்து வந்தவுடன் ஆசுப்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று குடும்பநல மாது பிரியதர்சினி அதற்கு முந்திய வாரமே சொல்லியிருந்தாள். ஆசுப்பத்திரிக்குப் போக அம்புலன்ஸ் இருந்தது, றோட்டு இருந்தது, அனுமதிப் பத்திரமும் இருந்தது. வீடு மட்டும்தான் நிலத்தில் இல்லை. எண்ணி இரண்டு கிழமையில் பிள்ளைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

முதல் நாள் ஒரு சாண்தானே என்று ஸாலிஹா மனதைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து வீடு முழக்கணக்கில் ஏறியது. ஒழுங்கையில் ஒரு ஜன்னல் சாத்தப்பட்டால் ஒரு முழம், இரண்டு சாத்தப்பட்டால் இரண்டு முழம். பாண் கொண்டுவரும் ஓட்டோ அந்தப் படலையைக் கடக்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, திருடன் போல ஓடியது. மின்சார சபைக்காரர் வந்து வயரை நீட்டிக்கட்டிவிட்டுப் போனார். கிராம சேவகர் அரிசியும் பருப்பும் மாவும் பொதியில் கட்டிக் கயிற்றில் ஏற்றினார். அந்தப் பொதியால் வீடு ஒரு விரற்கடையும் இறங்கவில்லை. ஒரு கிழமையில் வீடு தென்னை மரத்தின் கழுத்தளவுக்குப் போய்விட்டது. விமானப்படை முகாமிலிருந்து ஒருவர் வந்து, ஓடுபாதை பக்கத்தில் இருப்பதால் கூரையில் ஒரு சிவப்பு லைற் கொழுவினால் நல்லது என்று தன்மையாகச் சொல்லி, லைற்றையும் அவரே கொடுத்துவிட்டுப் போனார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்து, பிள்ளைத்தாச்சியை எப்படிக் கீழே இறக்குவது என்று யோசிக்கிறவளுக்கு ஒவ்வொரு சாணும் கணக்குத்தான்.

இந்த இடத்தில் ஒழுங்கையின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். பெருநாளைக்கு ஸாலிஹா வீட்டு வட்டிலப்பம் மதிலுக்கு அந்தப் பக்கம் அன்னலட்சுமி வீட்டுக்குப் போகும். தீபாவளிக்கு அன்னலட்சுமியின் பயற்றம் பணியாரம் இந்தப் பக்கம் வரும். வந்த தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பது முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். முப்பது வருடப் போரும் ஒரு கடல்கோளும் இந்தப் போக்குவரத்தை நிறுத்தவில்லை. முந்திய வருடம் சித்திரையில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு அது நின்றது. ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெருநாளைக்குத் தட்டு போகவில்லை, தீபாவளிக்குத் தட்டு வரவில்லை, அவ்வளவுதான். அன்னலட்சுமிக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. ஆனால் முதலில் யார் தொடங்குவது என்ற வீம்பில் இரண்டு பேரும் ஒன்றரை வருடத்தைக் கடத்திவிட்டார்கள். மதிலின் உயரம் நாலரை அடி.

தீபாவளியன்று காலை அன்னலட்சுமி குளித்து முழுகி, தன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டில் பணியாரமும் முறுக்கும் வைத்து, வாழையிலையால் மூடி, ஸாலிஹாவின் கயிற்றில் கட்டினாள். அவளுடைய கணவர் சின்னராசா, மா ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், முற்றத்துக் கதிரையில் இருந்தபடி, நோய் வீட்டுக்கு என்னத்துக்கு வீண்வேலை என்று முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. தட்டு ஜன்னலுக்குள் போன கணமே வீடு ஓர் ஆள் உயரம் பொத்தென்று இறங்கி நின்றது. அதைப் பார்த்தோ, அன்னலட்சுமியைப் பார்த்து வெட்கப்பட்டோ, மற்ற வீடுகளும் அன்றும் மறுநாளும் தட்டுகளைக் கட்டின. பதினைந்தாம் திகதி பின்னேரம் வீடு மதில் உயரத்துக்கு வந்துவிட்டது. குத்து வந்தால் அப்ராவை இறக்க ஓர் ஏணி போதும். தொழுகைக்குக் கிடைத்த பலன் என்று ஸாலிஹா நம்பினாள். காற்று மாறிவிட்டது என்றார் சின்னராசா. காரணம் தெரியவில்லை என்று முனீப் எழுதினார்.

மேலே போவது மேலேயே இருக்கவேண்டும், கீழே ஒரு துரும்பும் வரக் கூடாது என்பது முனீப்பின் கட்டளை. ஸாலிஹா பயந்த சுபாவம், சட்டத்துக்கு மாறாக ஒரு நாளும் நடந்தவளில்லை. ஆனால் குசினியில் ஊரார் தட்டுகள் எட்டு வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் எப்போது திருப்புவாய் என்று அவை கேட்பது போலிருந்தது. மற்றதெல்லாம் கிடக்கட்டும், முதல் வந்த அன்னலட்சுமியின் தட்டையாவது வைத்திருக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வந்த தட்டு அது. அதைத் திருப்பாவிட்டால் திரும்பவும் எல்லாம் நின்றுபோகும் என்று பயந்தாள். பதினாறாம் திகதி காலை அதைக் கொதிதண்ணீரில் மூன்று தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, நோன்புக்கு வாங்கி மிஞ்சிய பேரீச்சம்பழத்தில் ஒரு பிடி போட்டாள். வேண்டாம் உம்மா என்று அப்ரா தடுத்தாள்.

“வெறுந்தட்டா அனுப்புறன்? சும்மா இரிங்க மகள்,” என்று சொல்லிக் கயிற்றை இறக்கினாள்.

அன்னலட்சுமி கீழே முடிச்சை அவிழ்த்துத் தட்டைக் கையில் எடுத்தாள். ஸாலிஹாவின் வீடு விருட்டென்று மேலே போனது. தென்னையின் கழுத்தைத் தாண்டி, குருத்தையும் தாண்டித்தான் நின்றது. அப்ரா நிலைதடுமாறி அலுமாரியோடு சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். கீழே இன்னொரு கேடு. அன்னலட்சுமி ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்று, ஒன்றைச் சின்னராசாவின் வாயிலும் வைத்ததை முனீப் கண்டுவிட்டார். மனிதர் கெட்டவரில்லை. அழாக்குறையாகத்தான் அவர்களின் படலையில் அறிவித்தலை ஒட்டினார். தட்டுக் கொடுத்தவளுக்கே ஒட்டியாயிற்று என்றதும் ஒழுங்கையின் ஜன்னல்கள் அத்தனையும் ஒன்றாகச் சாத்தப்பட்டன. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஊர் ஜன்னலை மூட ஒரு கடதாசித் துண்டு போதும். பொழுதுபடுவதற்குள் அன்னலட்சுமியின் வீடும் கதிரையில் இருந்த சின்னராசாவோடு ஒரே மூச்சில் எழும்பி, ஸாலிஹாவின் வீட்டுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து நின்றது.

பதினேழாம் திகதி விடியற்காலை அப்ராவுக்குக் குத்துத் தொடங்கியது. ஆறரைக்கு அம்புலன்ஸ் வந்தது. தீயணைப்புக்காரரின் ஏணி வந்தது. ஏணி முழுவதும் நீண்டபிறகும் இரண்டு ஆள் உயரம் மிச்சமாக இருந்தது. பிரியதர்சினி முகக்கவசத்துக்கு மேலே கண்களை அகலத் திறந்து, குத்து எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கால் வருகிறது என்று கீழிருந்து கேட்டாள். பத்து என்று ஸாலிஹா சொன்னாள். பிறகு ஏழு என்றாள். பத்து மணிக்குள் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகாவிட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல ஏலாது என்று பிரியதர்சினி மறைக்காமல் சொல்லிவிட்டாள். ஒரு பிடி பேரீச்சம்பழத்தால் மகளையும் பேரப்பிள்ளையையும் அயல்வீட்டையும் கெடுத்துவிட்டேனே என்று ஸாலிஹா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். எதிர் ஜன்னல் திறந்தது. பெயர் வெட்டிய அதே தட்டை ஏந்தியபடி அன்னலட்சுமி நின்றாள்.

“அக்கா, என்னை மன்னிச்சிருங்க,” என்றாள் ஸாலிஹா.

“அதைப் பிறகு கதைப்பம். நான் தட்டை அவிழ்க்கேக்கதான் உங்கட வீடு எழும்பினது, என்ர கண்ணால கண்டனான். இந்தாங்கோ, பிடியுங்கோ. வெறுந்தட்டு இல்லை, புட்டு இருக்கு.”

ஸாலிஹா கீழே நின்ற முனீப்பைப் பார்த்தாள். முனீப் சுற்றறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். தனிமைப்படுத்திய ஒரு வீட்டுக்கும் தனிமைப்படுத்திய இன்னொரு வீட்டுக்கும் இடையே என்ன போகலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று மேலே பார்த்துச் சொன்னார். ஸாலிஹா தட்டை வாங்கினாள். வீடு ஒரு முழம் இறங்கியது. அதே நேரத்தில் அன்னலட்சுமியின் வீடு ஒரு முழம் ஏறியது. இரண்டு பெண்களும் அதைக் கண்டார்கள். அன்னலட்சுமி திரும்பிப் போய் அடுத்த தட்டை எடுத்துவந்தாள்.

புட்டு முடிந்ததும் சோறு, சோறு முடிந்ததும் ஊறுகாய், பிறகு தட்டுக்கொரு கரண்டி சீனி. கைக்கெட்டாத தூரமானதும் சேலைகளை ஒன்றோடொன்று முடிந்து அதில் இறக்கினாள். சீதனமாக வந்த பித்தளைத் தாம்பாளம், மகன் கனடாவிலிருந்து அனுப்பிய பீங்கான், சாமியறைத் தட்டு எல்லாம் வந்தன. எட்டரைக்குச் சீனிப் போத்தல் காலியானது. ஸாலிஹாவின் வீடு இன்னும் ஏணிக்கு ஒரு முழம் மேலே நின்றது, குத்து மூன்று நிமிடத்துக்கு ஒன்றாகிவிட்டது. அன்னலட்சுமியின் கையில் மிஞ்சியது சின்னராசா முப்பது வருடம் சாப்பிட்ட தட்டு ஒன்று. அதில் போட வீட்டில் ஒன்றும் இல்லை. வெறுந்தட்டை நீட்ட அவளுக்குக் கை வரவில்லை. அப்போது சின்னராசா எழும்பினார். சீனி வருத்தக்காரர், பத்து வருடமாக இனிப்பைத் தொட்டதில்லை என்று டொக்டருக்குச் சத்தியம் செய்தவர், அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஓலைக்குள் வார்த்த ஒரு பனங்கட்டிக் குட்டானை எடுத்துத் தட்டில் வைத்தார்.

“என்னை ஒண்டும் கேக்காத. இறக்கு,” என்றார்.

அன்னலட்சுமி தட்டைச் சேலையில் முடிந்தாள். தட்டு இறங்கியது. வீடு ஏணியின் தலையில் வந்து முட்டியது. மேலங்கி போட்ட இரண்டு பேர் அப்ராவைத் தூக்கி இறக்கி அம்புலன்ஸில் ஏற்றினார்கள். பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்க அவள் தியேட்டருக்குள் போனாள். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம் என்று முனீப் போனில் கேட்டு, ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

ஸாலிஹா முதலில் அழுதாள், பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள். அன்னலட்சுமியின் வீடு கொக்குப் பறக்கும் உயரத்தில் ஒரு தீப்பெட்டி போலத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய் மாவைப் பிசைந்தாள். முட்டை இல்லாததால் வட்டிலப்பத்துக்கு வழியில்லை, தேங்காய்ப்பூ ரொட்டிதான். மேலிருந்து சேலைகளும் கொடிக்கயிறும் முடிந்து இறங்கின, தன் வீட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டி அனுப்பினாள். அவளுடைய தட்டுகள் முடிந்தபோதும் அன்னலட்சுமியின் வீடு பனை உயரத்தில் நின்றது. அன்று பின்னேரம் முதல் ஜன்னல் திறந்தது. பிறகு எல்லாம் திறந்தன, திறக்கத் திறக்க இரண்டு வீடுகளும் இறங்கின. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது சும்மா இல்லை. மூன்றாம் நாள் அன்னலட்சுமியின் வீடு தன் பழைய அத்திவாரக் குழிக்கு நேராக வந்து, ஒரு சாண் உயரத்தில் நின்றது. ஸாலிஹாவின் வீடும் அதே ஒரு சாணில் நின்றது. இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் நோய் வரவில்லை. தவணை முடிந்ததும் முனீப் இரண்டு அறிவித்தல்களையும் உரித்து எடுத்துவிட்டு, கடைசி உயரத்தை எழுதிக் கையெழுத்து வைத்தார். றிஸ்கான் சுகமாகி வந்து இரண்டு வாசலுக்கும் ஒவ்வொரு சீமெந்துப் படி கட்டினான்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுத் தட்டுகளும் திரும்பிப் போகவில்லை. ஒரு தடவை கனடாவிலிருந்து வந்த அன்னலட்சுமியின் மருமகள் விபரம் தெரியாமல் ஸாலிஹாவின் தட்டு ஒன்றைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க, அன்னலட்சுமி வீட்டின் குசினிப் பக்கம் தூக்கி, உலையில் இருந்த பருப்பு கொட்டுண்டது. உடனே வாங்கி வந்துவிட்டார்கள். பெருநாளைக்கும் தீபாவளிக்கும் சந்தையில் புதுத் தட்டு வாங்கித்தான் பலகாரம் அனுப்புகிறார்கள். ஸாலிஹாவின் வீட்டில் எல்லோரும் அன்னலட்சுமியின் தட்டுகளில் சாப்பிடுகிறார்கள், அன்னலட்சுமியும் சின்னராசாவும் ஸாலிஹாவின் தட்டுகளில் சாப்பிடுகிறார்கள். அப்ராவின் மகளுக்கு இப்போது ஐந்து வயது. சோறு குறையக் குறையத் தட்டின் நடுவில் ஒவ்வொரு எழுத்தாக வெளியே வரும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்த முதல் சொல் அன்னலட்சுமி.