இரண்டாம் பாகத்து வீட்டுக்காரம்மா

கிறிஸ்துமஸ் அன்று காலையில் அம்சவல்லி தெருவையே கூப்பிட்டாள். பால் ஊற்ற வந்தவரிடம் சொன்னாள், மளிகைக் கடையில் சொன்னாள், எதிர்வீட்டுக் கோவிந்தம்மாவிடம் இரண்டு தடவை சொன்னாள். "ஏழு மணிக்கு உள்ளூர் கேபிள்ல எங்க மஞ்சுளா நடிச்ச படம் போடறாங்க. எல்லாரும் எங்க வூட்டாண்ட வந்துடுங்க." சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அப்போது அவளுக்கு அது தெரியாது. வருகிறவர்களுக்குப் போதுமா என்ற கவலையோடு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள்.

படத்துக்கு ஒரு முன்கதை உண்டு. ஒரகடத்தில் மஞ்சுளா படிக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் போன வருடம் பிள்ளைகள் இயேசு பிறப்பு நாடகம் போட்டார்கள். கம்பளிக்குள் ஒட்டகமாக வந்த இரண்டு பையன்களில் முன்கால் ஒரு பக்கம் போக, பின்கால் வேறு பக்கம் போக, மாட்டுத் தொழுவம் மேரி தலையில் சாய்ந்துவிட்டது. கல்யாண வீடியோ எடுப்பவர் அதைப் படம் பிடித்துக் கேபிளில் விட்டார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுபடி போடு, மறுபடி போடு என்று கேபிள்காரரைத் தூங்கவிடவில்லை. நாலாம் வகுப்பு தமிழ்வாணன் சாருக்கு அது போதுமானதாக இருந்தது. சினிமாவில் டைரக்டர் ஆகப் போய், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்த மனிதர். இந்த வருடம் நாடகம் வேண்டாம், இரண்டாம் பாகத்தை முழுப் படமாகவே எடுத்துவிடலாம் என்று கேமராவோடு கிளம்பிவிட்டார்.

முதல் பாகத்தில் மஞ்சுளா ஆடு. இரண்டாம் பாகத்தில் அவளுக்கு வீட்டுக்காரம்மா வேடம். என்ன வசனம் என்று அம்சவல்லி கேட்டுப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன். படத்துல பாரும்மா, சஸ்பென்ஸ்" என்றுவிட்டாள் மகள்.

அம்சவல்லிக்குத் தெருவில் நல்ல பெயர். நிலம் கம்பெனிக்குப் போன பிறகு அவள் கணவன் பலராமன் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஐந்து ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தான். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் குடியிருந்தார்கள். பண்டிகை என்றால் ஐந்து ரூமுக்கும் அம்சவல்லி பலகாரம் கொடுத்தனுப்புவாள், அதுவும் பின்பக்கமாக அல்ல, தெருப்பக்கமாக. தங்கமான மனசு என்று நாலு பேர் சொல்வது அவளுக்கு வேண்டும். அந்தப் பேச்சு காதில் விழாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

கடைசி ரூமில் மாரிராஜும் பேச்சியும் இருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கம். வேறு வேறு சாதி, இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்று தலைமுழுகிவிட்டார்கள். மாரிராஜுக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பேச்சிக்கு இப்போது ஏழாம் மாதம். பிள்ளை பிறந்தால் தண்ணீர் செலவாகும், வரிசை பூராவும் துணி காயும், தீட்டு வேறு. ரூமைக் காலி செய்துவிடு என்று அம்சவல்லி அவளிடம் சொல்லிவிட்டாள். அதைத் தெருவில் சொல்ல முடியுமா? தெருவில் வேறு மாதிரி சொன்னாள். "மொதப் பிரசவமாச்சே, அம்மா வூட்டுக்குப் போவுது பொண்ணு. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. நானே வளையல் போட்டு அனுப்பப் போறேன்." கேட்டவர்கள் உருகிப்போனார்கள். பெற்ற தாய்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்றாள் கோவிந்தம்மா.

ஏழு மணிக்கு வராண்டா நிறைந்துவிட்டது. டிவியை வாசலுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். முறுக்கையும் டீயையும் பேச்சிதான் எடுத்துக் கொடுத்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் குனிந்து நிமிர்ந்ததை அம்சவல்லி பார்க்காமல் இல்லை.

படம் நன்றாகத்தான் தொடங்கியது. ஜோசப்புக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்துவிடுகிறது. மேரியோடு சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கிறான். ஆட்டோ வேகத்தில் ஒட்டுத்தாடி பறந்துபோக, ஒட்டகம் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. வராண்டா குலுங்கியது. தமிழ்வாணன் சாரே வாத்தியாராக வந்து, தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஜோசப்புக்கும் மேரிக்குமாக வீடு வீடாக ரூம் கேட்டு அலைகிறார்.

"இப்ப என் சீன்" என்று அம்மாவின் தொடையைக் கிள்ளினாள் மஞ்சுளா.

திரையில் மஞ்சுளா அம்மாவின் புடவையைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்தாள். "எந்த ஊரு? எந்த ஆளுங்க? கருவாடு வறுக்கக் கூடாது. செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ரெண்டு கொடம் தண்ணி. மோட்டாரு நான் போடறப்பதான் போடுவேன்." கூட்டம் சிரித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது அம்சவல்லிதான். தன் முதுகு தனக்குத் தெரியாது. பின்தெருவில் வாடகைக்கு விடுகிறவளைத்தான் மகள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து மேரி திரும்பி நின்றாள். வயிற்றில் தலையணை கட்டியிருந்தது. திரையில் மஞ்சுளா அதைப் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏழு மாசமா? புள்ள பொறந்தா எனக்குத் தண்ணி தாங்காது. மொதப் பிரசவம் அம்மா வூட்லதான பாக்கணும்?"

"எனக்கு அம்மா வீடு இல்லக்கா" என்றாள் மேரி.

"அது எனக்குத் தெரியாதா? தெருவுல கேட்டா அம்மா வூட்டுக்குப் போறேன்னு சொல்லிடு. நானும் அப்டிதான் சொல்லிக்கினு கீறேன். தை பொறந்தா வழி பொறக்கும். போ."

வராண்டாவில் முறுக்குக் கடிக்கும் சத்தம்கூட நின்றுபோனது. குழாயடியில், யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அம்சவல்லி பேச்சியிடம் சொன்ன வார்த்தைகள் இவை. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அன்று மாடிப்படியில் உட்கார்ந்து மகள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை யார் ஆளாகக் கணக்கில் வைத்தார்கள்?

அம்சவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது. கரண்ட் போகாதா என்று வேண்டினாள். மழைக்காலம் முழுக்கப் போய்ப் போய் வந்த கரண்ட் அன்றைக்கு அசையவில்லை. படத்தில் வாத்தியாரும் பிள்ளைகளும் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, நாலாம் வகுப்பு அறையையே மேரிக்குக் கொடுத்தார்கள். ஒட்டகம் வாழ்த்துச் சொல்ல வந்து கரும்பலகையைத் தள்ளிவிட்டது. ஒருவரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அம்சவல்லி தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலையைத் தூக்கினால் யாருடைய கண்ணிலாவது விழ வேண்டுமே.

படம் முடிந்ததும் பலராமன் டிவியை அணைத்துவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு நழுவினான். பெண்கள் எழுந்திருக்கவில்லை. கோவிந்தம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"இன்னாமா பேச்சி, நீ அம்மா வூட்டுக்குதான போற?"

எல்லோரும் பேச்சியைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை போதும், அம்சவல்லியின் பெயர் அந்த வராண்டாவிலேயே செத்துவிடும்.

"ஆமாக்கா" என்றாள் பேச்சி. "அம்மா வீட்டுக்குத்தான் போறேன். அம்மையே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கா."

கோவிந்தம்மா நம்பினாளோ இல்லையோ, எழுந்துகொண்டாள். "உம் பொண்ணு நல்லா நடிக்குது அம்சா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மஞ்சுளா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் நல்லா பண்ணனாம்மா? சார் வசனமே குடுக்கல. வூட்டுக்காரம்மான்னா எப்டிப் பேசுவாங்கன்னு கேட்டாரு. எனக்கு உடனே வந்துடுச்சி. உன்ன மாதிரியே செஞ்சேன், எல்லாரும் கை தட்டுனாங்க."

அறைவதற்காக ஓங்கிய கையை அம்சவல்லி என்ன செய்வதென்று தெரியாமல் மகளின் தலையில் வைத்தாள். பிள்ளை பெருமையோடு நின்றது. அம்மா மாதிரி இருப்பது அதற்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நல்லா பண்ணியிருக்கடி" என்றாள்.

பேச்சி குழாயடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்சவல்லி பின்பக்கம் போய் நின்றாள். தன் மானத்தைக் காப்பாற்றிய பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் போனாள். இவ்வளவு நல்ல பெண்ணையா போகச் சொன்னோம் என்று வழியிலேயே கொஞ்சம் நெகிழ்ந்தும் இருந்தாள்.

"ஏம்மா அப்டிச் சொன்ன? நெசத்தச் சொல்லியிருக்கலாமே."

பேச்சி குழாயை மூடிவிட்டு எழுந்து நின்றாள். "கோவிச்சுக்கிடாதீங்கக்கா. நான் வேற மாதிரி சொல்லிட்டா நாளைக்கே எறங்கச் சொல்லிருவீயளோன்னு பயந்துட்டேன். அவுக படப்பையில ரூம் பாத்துக்கிட்டு இருக்காவ. இன்னும் அமையல. இந்த டம்ளரக்கூட நல்ல தண்ணியில கழுவல, உப்புத் தண்ணியிலதான் கழுவுனேன்."

பேச்சியின் நல்ல மனசு என்று அம்சவல்லி நினைத்தது வெறும் பயம். அந்தப் பயத்தைக் கொடுத்ததும் அவளேதான்.

"நீ எங்கயும் போவ வேணாம்" என்றாள் அம்சவல்லி. "இங்கயே இரு. இங்கயே பெத்துக்கோ."

பேச்சி சந்தோஷப்படவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தெருப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கோவிந்தம்மாவோ வேறு யாரோ அங்கே நின்றுகொண்டிருக்கிறார்களா, யார் காதில் விழுவதற்காக இந்த அம்மா இதைச் சொல்கிறாள் என்று தேடினாள்.

"யாரும் இல்லமா" என்றாள் அம்சவல்லி. "உங்கிட்டதான் சொல்றேன்."