கியர் பெட்டிக்குள் தேயிலை

கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்காது, வாய்தான் நடுங்கும். அன்றைக்கு வேலை முடியும்வரை வாய் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஹட்டனில் லாபிர் முதலாளியின் கராஜில் எத்தனையோ கியர் பெட்டிகளைப் பிரித்திருக்கிறேன். இப்படியோர் அயோக்கியத்தனத்தைப் பார்த்ததில்லை.

லாரி கீழ்ப்பாறைத் தேயிலைத் தோட்டத்துடையது. உலகச் சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன கிழட்டு வண்டி. தேயிலைப் பெட்டிகளோடு வட்டவளை இறக்கத்தில் போகையில் இரண்டாவது கியர் தானாகக் கழன்று, பாரத்துக்குப் பிரேக்கும் நிற்காமல், மண்மேட்டில் மோதிக் கவிழ்ந்தது. பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்த அழகனுக்கு வலது கால் முழங்காலோடு போய்விட்டது. அவன் டிரைவர் கந்தப்பனின் மச்சினன். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டான் என்று தோட்டத்தில் பழியைக் கந்தப்பன் தலையில் கட்டினார்கள். மாசக் கடைசியோடு அவனுக்கு வேலை இல்லை. வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பிராவும் போகும். பெண்டாட்டியோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

வண்டியை முழுசாகப் பிரித்துக் கட்டச் சொல்லி எங்களிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். கியர் பெட்டியின் அடி மூடியைக் கழற்றினேன். எண்ணெய் ஓடவில்லை, களி மாதிரி தொப்பென்று விழுந்தது. பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுப் பிரஷால் தேய்த்தேன். இரண்டாவது கியரின் பற்கள் கிழவன் கடைவாய்ப் பல்லாட்டம் மழுங்கிப்போயிருந்தன. அது கழலாமல் என்ன செய்யும்? சாஃப்டில் எண்ணெய் போகும் துளை அடைத்திருந்தது, கம்பியால் குத்தி எடுத்தேன். தட்டின் அடியில் பழுப்பு நிறத்தில் பஞ்சும் நாருமாக ஏதோ படிந்தது. விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் சலித்துத் தள்ளுகிற கழிவுத்தூள்.

ஓட்டை வண்டியை விற்கிற தரகர்கள் சிலர் கியர் பெட்டியில் மரத்தூளைப் போட்டு இரைச்சலை அமுக்குவார்கள். தோட்டத்துக்காரர்கள் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். இரைச்சல் அடங்கும், பல் தேய்வது அடங்குமா? வலியில் கத்துகிறவன் வாயில் துணியை அடைப்பதும் இதுவும் ஒன்றுதான். இத்தனையும் செய்துவிட்டு டிரைவர்மேல் பழி.

கந்தப்பனுக்கு ஆள் அனுப்பினேன். பெண்டாட்டி ராக்காயியோடு வந்தான். அவளை வாசலில் நிறுத்திவிட்டு அவன் மட்டும் உள்ளே வந்தான்.

"இதத் தொழிலாளர் சங்கத்துல காட்டு," என்று தட்டை அவன் முன்னால் தள்ளினேன். "வண்டி பழுதுன்னு தெரிஞ்சே ஓட விட்டுருக்கானுக. ஒன் மேல எவனும் கை வைக்க முடியாது."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். "வேணாம்ணே. ஊத்திருங்க."

"பைத்தியமா ஒனக்கு? எவன் போட்டான்னு கேக்க வேணாமா?"

"நாந்தாண்ணே போட்டேன்."

கொழும்பிலிருந்து பெரிய துரை பார்வையிட வருவதற்கு முதல் நாள், அவர் காதில் இரைச்சல் விழக் கூடாதென்று ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் பக்கத்தில் நின்று போடச் சொன்னாராம். துரை போனதும் வண்டியை நிறுத்திப் பழுது பார்க்கலாம் என்றாராம். துரை போனார். பெட்டிகள் ரயிலுக்குப் போயாக வேண்டும் என்று வண்டியை நிறுத்த டீமேக்கர் விடவில்லை.

"வேல போனா போவட்டும்ணே. தெரிஞ்சேதான் ராக்காயி தம்பிய ஏத்திட்டுப் போனேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அதுவரை தோட்டத்துக்காரர்கள்மேல் இருந்த கோபமெல்லாம் இவன் பக்கம் திரும்பிவிட்டது.

"போடச் சொன்னவன் சொகமா இருக்கான். காலு போனவன் ஆஸ்பத்திரியில கெடக்கான். நீ என்னடான்னா வாய மூடிக்கிட்டு அந்த டீமேக்கரக் காப்பாத்துற," என்று கத்திவிட்டேன்.

என் சத்தம் கேட்டு ராக்காயி உள்ளே வந்தாள். ஸ்டோரில் வருஷக்கணக்காகத் தூள் சலிப்பவள். தட்டைப் பார்த்ததும் குனிந்தாள். அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்.

"இது எங்க ஸ்டோரு கழிவில்ல? வண்டிக்குள்ள எப்புடிண்ணே வந்துச்சு?"

கந்தப்பன் தலையைத் தூக்கவில்லை. அவள் என்னை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"டீமேக்கரு சொன்னாரு."

"அன்னிக்குத் தம்பி பெட்டி மேல ஏறுனப்ப, உள்ள இது கெடக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்."

அவன் மெதுவாகத் தலையாட்டினான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கையைச் சேலையில் துடைத்தாள். ஆத்திரத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, குரல் மட்டும் உயரவில்லை.

"எந்திரிங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி அவன் மூஞ்சியப் பாத்து இதச் சொல்லுங்க. அதுக்கப்பறம் சங்கத்துல சொல்லுவோம். டீமேக்கரு பேரும் வரணும், ஒங்க பேரும் வரணும்."

கந்தப்பன் எழுந்தான். என் முகத்தைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"சங்கத்துல சொன்னா காம்பிராவாவது தப்பும், ராக்காயி," என்றான்.

"காம்பிரா தப்பட்டும். அதுல நான் ஒங்ககூட இருக்கணுமான்னு எந்தம்பி சொல்லட்டும்."