மூன்றாவது குரல்

பாகூர்ப் பக்கத்து ஆட்களை ஒரே கூப்பாட்டில் எழுப்பிவிடலாம் என்று நினைப்பவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். முதல் குரலுக்கு அசைய மாட்டார்கள். இரண்டாவதற்குத் தலையை மட்டும் தூக்குவார்கள். மூன்றாவது குரல் வந்தால்தான் “இன்னா?” என்பார்கள். மனுஷன்தான் மூன்று தடவை கூப்பிடுவான், மற்றது இரண்டோடு நின்றுவிடும் என்பது இங்கே பேச்சு. அந்த ‘மற்றது’ என்னவென்று யாரும் பேர் சொல்வதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. பிற ஊர்களில் இதெல்லாம் ராத்திரிக்கு மட்டும். இங்கே ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டால் பட்டப்பகலிலும் இதுதான் சட்டம். நோயோடு உட்கார்ந்திருக்கிற இடத்தில் யார் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று கண்டது யார்?

இதைப் புரிந்து நடந்தவள் அபிஷேகப்பாக்கத்து ஸ்டெல்லா. டாக்டர் மணவாளனின் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். எடை பார்ப்பாள், பிரஷர் பார்ப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள். எல்லாவற்றுக்கும் மேலே, கூப்பிடுவாள். கூடத்துக் கதவருகே நின்று, ஊரையும் பேரையும் சேர்த்து, மூன்று குரல். “மணப்பட்டு வீரப்பன்... மணப்பட்டு வீரப்பன்... மணப்பட்டு வீரப்பன், வாண்ணே.” அவள் கூப்பிட்டால் பாதி நோய் அங்கேயே இறங்கிவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. அவளும் அதைக் கொஞ்சம் நம்பித்தான் இருந்தாள். நம்பினால் என்ன தப்பு?

போன தை மாதம் டாக்டர் இறந்துபோனார். மகன் நவீன்குமார் சென்னையிலிருந்து வந்து கிளினிக்கை எடுத்துக்கொண்டான். அவன் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியை எப்படி நடத்துவது என்று படித்தவன். சின்னப் பையனாக இருந்தபோது ஊசிக்குப் பயந்து ஸ்டெல்லாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு “ஸ்டெல்லாக்கா, ஸ்டெல்லாக்கா” என்று அலறியவன், இப்போது அவளை “இந்தாம்மா” என்றான். டவுனிலிருந்து ஷிப்டுக்கு ஒரு டாக்டர் வந்தார். நர்சிங் பட்டம் படித்த மகாலட்சுமி வந்தாள். பழைய கம்பவுண்டர் வேலையை விட்டு நின்றுகொண்டார், பழைய நர்ஸ் கடலூருக்குப் போய்விட்டாள். மிஞ்சியது ஸ்டெல்லா மட்டும்.

மகாலட்சுமி அவளை “ஆயாம்மா” என்று கூப்பிட்டாள். ஸ்டெல்லா ஒரு நாள் பொறுத்தாள், இரண்டு நாள் பொறுத்தாள்.

“எம் பேரு ஸ்டெல்லா மா.”

“சரிங்க ஆயாம்மா,” என்றாள் மகாலட்சுமி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை பாவம். காதில் ஏறவே இல்லை, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ராத்திரி ஸ்டெல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நவீன்குமார் ஒரு நாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னான். அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே கிடையாது.

“உன் குரலுக்குத்தான் ஜனம் எழுந்திருக்குதுன்னு சொல்றாங்க. மெஷின் வைக்கப் போறேன். உன் குரல்லயே எல்லாப் பேரையும் பதிஞ்சிடலாம்.”

ஸ்டெல்லாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இருபத்திரண்டு வருஷத்துப் பேரேடுகள், மொத்தம் ஒன்பது நோட்டு, அவள் கையெழுத்தில் எழுதியவை. மாடி அறையில் ஜன்னலை மூடிக்கொண்டு மைக்கின் முன்னால் நான்கு நாள் உட்கார்ந்து படித்தாள். சர்ச்சில் வேத பாடம் வாசிக்கிற நாளில்கூட அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை. நடுவில் ஒரே ஓர் இடத்தில் நின்றாள். நோட்டில் சில பேர்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தது. இறந்துபோனவர்களுக்கு அவளே போட்ட கோடு. அந்தக் கூடத்தில் கோடு போட்ட பேரை அவள் ஒரு நாளும் சத்தமாகச் சொன்னதில்லை. நவீன்குமாரைப் போய்க் கேட்டாள்.

“இவங்கள்லாம் இல்லீங்க சார். வுட்டுடலாமா?”

“ஒண்ணையும் விடாத. அதே பேர்ல வேற ஆள் வருவாங்கல்ல?”

“மூணு வாட்டி படிக்கணுமா சார்?”

“மூணு எதுக்கு? ரெண்டு போதும்.”

படித்தாள். எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருத்தன் அவளை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வேலையைப் பாராட்டுகிறான். அந்த நேரத்தில் யார்தான் எதிர்த்துப் பேசுவார்கள்? கோடு போட்ட நாற்பத்து மூன்று பேரையும், ஆளுக்கு இரண்டு குரலாக, ஸ்டெல்லா படித்து முடித்தாள்.

மெஷின் வந்தது. கூடத்து மூலையில் ஒலிபெருக்கி, அதன் கீழே எண் காட்டும் பலகை. இரண்டு குரலுக்கு யாரும் எழவில்லை என்பது வேறு கதை. அதனால் எல்லோரும் எண்ணைப் பார்த்து எழப் பழகிக்கொண்டார்கள். கதவருகே நிற்க ஸ்டெல்லாவுக்கு வேலையில்லாமல் போயிற்று. பிரஷரை மகாலட்சுமி பார்த்தாள். ஸ்டெல்லா பின்கட்டில் படுக்கை விரிப்புகளை மடித்தாள். முன்கூடத்தில் அவள் குரல் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. அவள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தன் குரல் மேலேயே பொறாமைப்படும் நிலை அவளுக்கு வந்தது, வேறு யாருக்கும் வர வேண்டாம்.

ஒரு மதியம், சாப்பாட்டு நேரம். ஒன்றிலிருந்து இரண்டு வரை கூடத்தில் ஆள் இருக்காது. ஸ்டெல்லா தூக்கைத் திறந்து தயிர்ச்சோற்றை வாயில் வைத்தாள்.

“மணப்பட்டு வீரப்பன்,” என்றது முன்கூடம்.

வீரப்பன் படகு இன்ஜினில் கை நசுங்கி வந்தவர். ஒன்றரை மாதம் தினமும் அவருக்குக் கட்டுப் பிரித்துக் கட்டியவள் ஸ்டெல்லா. கை ஆறியது, பிற்பாடு நெஞ்சுவலியில் போய்விட்டார். இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது.

“மணப்பட்டு வீரப்பன்.”

அவ்வளவுதான். ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். பலகையில் எண் இல்லை. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. மேலே நிமிர்ந்தாள், மின்விசிறியும் நின்றிருந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை.

மறுநாள் வீரப்பன், விருத்தாம்பாள். அதற்கு மறுநாள் ஆறு பேர். எல்லாம் கோடு போட்ட பேர்கள். ஆளுக்கு இரண்டு குரல், பிறகு ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தம்தான் அவளை வதைத்தது. கூடத்து நாற்காலிகளில் யாரோ தலையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிற மாதிரி இருக்கும். மூன்றாவது குரல் அவள் தொண்டை வரை வரும். அவள் சோற்றை அள்ளி வாயில் அடைத்துக்கொள்வாள்.

யாரிடம் சொல்வது? கேட்பது அவள் குரல். கேட்டவர்கள் எல்லோரும் அவள்தான் கூப்பிடுகிறாள் என்றே நினைத்தார்கள்.

“சாப்பாட்டு நேரத்துல இன்னாத்துக்கு ஆயாம்மா கத்துறீங்க?” என்று மகாலட்சுமியே ஒரு நாள் கேட்டாள்.

விவகாரம் வெடித்தது வீரப்பனின் மகள் செல்வகுமாரியால். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு மதியம் சீக்கிரமே வந்து கூடத்தில் உட்கார்ந்தவள், அப்பா பேரைக் கேட்டுவிட்டாள். பின்கட்டுக்கு ஓடிவந்து ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“செத்துப்போன மனுஷன கூப்புடுறியே, உனக்கு இன்னா பைத்தியமா? எங்க நைனாவ வெச்சு வெளையாடுறியா?”

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். வாய் நிறையச் சோறு இருந்தது. வாய் நிறையச் சோற்றோடு ஒருத்தி எப்படிக் கூப்பிடுவாள் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நவீன்குமார் சத்தம் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினான்.

“வேலைய மெஷினுக்குக் குடுத்துட்டேன்னு உனக்குக் கோவம். அதுக்காக இப்படியா பண்ணுவ?”

“சார், நான் கூப்புடல. அந்த மாதா சத்தியமா நான் வாயத் தொறக்கல.”

“பின்ன யாரு? உன் குரல் எனக்குத் தெரியாதா?” மேஜை மேல் இருந்த காகிதத்தை ஒதுக்கி வைத்தான். “வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோ. அப்பா காலத்து ஆளு, மரியாதையா அனுப்பணும்னு பாக்குறேன்.”

வெள்ளிக்கிழமை வந்தது. மரியாதை எதுவும் வரவில்லை. காலையிலிருந்து யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகாலட்சுமி மட்டும், “போகும்போது பின்கட்டுச் சாவிய மேசை மேல வெச்சிடுங்க ஆயாம்மா,” என்றாள். ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஸ்டெல்லா தன் தூக்கையும் குடையையும் பையில் வைத்துக்கொண்டு கடைசியாக முன்கூடத்துக்கு வந்தாள். இருபத்திரண்டு வருஷம் நின்ற கதவு. நின்று நின்று நிலைப்படியில் அவள் தோள் உரசிய இடத்தில் பெயின்ட் போயிருந்தது. புதுப் பெயின்ட்காரன்கூட அந்த இடத்தை விட்டுவிட்டான். அவள் அங்கே சாய்ந்து நின்றாள். அழுகை வந்தது.

“மணப்பட்டு வீரப்பன்,” என்றது ஒலிபெருக்கி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மணப்பட்டு வீரப்பன்.”

நிறுத்தம். இன்றைக்கு வாயை அடைத்துக்கொள்ளச் சோறு இல்லை. அடைத்துக்கொள்ள மனமும் இல்லை. இன்னும் யாருக்காக?

“மணப்பட்டு வீரப்பன்,” என்றாள் ஸ்டெல்லா. “வாண்ணே.”

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மீன் வாடையும் டீசல் வாடையும் கலந்து அவளைக் கடந்து போயிற்று. மூலையில் இருந்த எடை மெஷினில் சிவப்பு எண்கள் எழுந்து ஆடி, அறுபத்தொன்றில் நின்றன. கடைசியாக அவர் வந்தபோதும் அறுபத்தொன்றுதான். அவள் நோட்டில் எழுதியது அவளுக்கு நினைவிருந்தது.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் கை தன் வேலையைத் தானாகச் செய்தது. டாக்டர் காலத்துப் பாதரச மீட்டரை அலமாரியிலிருந்து எடுத்தாள். பட்டையைக் காலி நாற்காலியின் கைப்பிடிக்கு மேலே சுற்றினாள். அது தொங்கவில்லை, ஒரு கைப் பருமனுக்கு உருண்டு நின்றது. காற்றை அடித்தாள். பாதரசம் ஏறி, துடித்துத் துடித்து இறங்கியது.

“நூத்தம்பது இருக்குதே. உப்பக் கொறைன்னு எத்தன வாட்டி சொன்னேன்?” என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அதன் பிறகு நிற்கவில்லை. ஒலிபெருக்கி இரண்டு குரல், ஸ்டெல்லா ஒரு குரல். அபிஷேகப்பாக்கம் விருத்தாம்பாள் வந்தாள், தைல வாசனையோடு. பெரியவர்கள், சின்னவர்கள், ஒரே வாரத்தில் போன புருஷன் பெண்டாட்டி. ஒவ்வொருவரையும் உட்கார வைத்தாள், பட்டை சுற்றினாள், விசாரித்தாள். ஒருவரும் அவளை ஆயாம்மா என்று சொல்லவில்லை. நாற்பத்து மூன்று பேர் முடிந்தபோது கடிகாரத்தில் இரண்டு. அவள் நோட்டில் நாற்பத்து மூன்றாவது பெயருக்குக் கீழே தேதி போட்டு, மீட்டரை மூடி, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எதிரே பஸ் நிறுத்தம்.

இரண்டு மணிக்கு உயிருள்ள நோயாளிகள் வந்தார்கள். வந்தவர்கள் உட்காரவில்லை. கூடத்தில் ஐம்பது நாற்காலி இருந்தும் சுவரோரமாக ஒட்டி நின்றார்கள்.

“உக்காருங்க, உக்காருங்க,” என்றாள் மகாலட்சுமி.

“எங்கம்மா உக்கார்றது? ஆளுங்க இருக்குதே,” என்றார் முன்னால் நின்ற தணிகைவேல். கரும்பு வெட்டுகிற ஆள், லேசில் பயப்படாதவர். நாற்காலிகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. பலகையில் முதல் எண்ணே நாற்பத்து நான்கு என்று விழுந்தது. மகாலட்சுமி நாற்காலிகளுக்கு நடுவே நடக்கப் போனாள், யாரோ ஒருவர் முழங்காலில் இடித்துக்கொண்டாள். “சாரி,” என்று திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. அவள் போட்ட அலறல் பஸ் நிறுத்தம் வரை கேட்டது.

நவீன்குமார் வெளியே ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. வாசல் படியிலிருந்து இறங்கக்கூட அவனால் முடியவில்லை.

“ஸ்டெல்லாக்கா!”

எட்டு மாதம் அந்தப் பேருக்காகத்தான் அவள் காத்திருந்தாள். இருந்தாலும் பாகூர்ப் பக்கத்துப் பெண், முதல் குரலுக்குத் திரும்பவில்லை. பஸ் வந்து நின்றது.

“ஸ்டெல்லாக்கா!”

அவள் தலையை மட்டும் தூக்கினாள். ஒரு கால் படியில் இருந்தது. இன்னும் ஒரு குரல் கொடுத்திருந்தால் அவள் அவனிடம் திரும்பியிருப்பாள். அவன் கொடுக்கவில்லை. இரண்டு போதும் என்று படித்தவன். வாயைத் திறந்தபடி அப்படியே நின்றான், ஏனென்றால் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து மூன்றாவது குரல் வந்துவிட்டது.

“அபிஷேகப்பாக்கம் ஸ்டெல்லா,” என்றது கூடம். “வாம்மா.”

அவள் குரல்தான். ஊரும் பேரும் சேர்த்து, நோயாளியைக் கூப்பிடுகிற அதே இழுப்பு. இந்தப் பேரை அவள் எந்த நோட்டிலும் எழுதியதில்லை, எந்த மைக்கிலும் படித்ததில்லை. அந்தக் கூடத்தில் ஒரு நாளும் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதுமில்லை.

“இன்னா மா, ஏறுறியா இல்லியா?” என்றார் கண்டக்டர்.

ஸ்டெல்லா காலைக் கீழே வைத்தாள். பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

“நீ போ பா,” என்றாள். “என்னிய கூப்புடுறாங்க.”