பொத்தானை ஒருமுறை மட்டும் கேட்ட பெட்டி

1

இந்தக் கதை எனக்கு 2011இல் தக்கலை பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் இருந்த ஜெனிலா சி மொழியில் நிரல் எழுதுகிறவள். எனக்குத் தெரிந்த சி ஒரு வைட்டமின். ஆகவே இப்படித் தொடங்கினேன்: "குளச்சல் கடல் அன்று வெள்ளியை உருக்கி வார்த்ததுபோல்…"

(போதும். கடல் கடல் மாதிரிதான் இருந்தது.)

2

ஜெனிலாவின் அப்பா கபிரியேல் குளச்சலில் வள்ளம் வைத்திருக்கிறார். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் பொத்தானை அழுத்த வேண்டும். கூடப் போகும் ஜான்ரோஸின் வள்ளத்தில் மணி அடிக்கும். அப்படி ஒரு பெட்டியை அவளே செய்தாள். வீட்டில் அழுத்தியபோதெல்லாம் அடித்தது. கடலுக்கு அனுப்புமுன், நிரல் வேகமாக ஓடட்டும் என்று, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் தேவையற்றதைக் குறைக்கச் சொன்னாள். மறுபடி அழுத்திப் பார்க்கவில்லை.

(இங்கே அவளுக்கு ஒரு காதலனை வைத்திருந்தேன். கதையில் அவனுக்கு வேலையில்லை. எடுத்துவிட்டேன்.)

3

எஞ்சின் நின்றது. கபிரியேல் அழுத்தினார். ஜான்ரோஸ் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். கபிரியேலும் மகன் லிஜினும் காற்று இழுத்த பக்கம் போனார்கள். சாயங்காலம் ஒரு விசைப்படகு கண்டு, கட்டி இழுத்து வந்தது.

"அமுக்கி அமுக்கி வெரல் வீங்கிப் போச்சு மக்கா. ஒன் பெட்டிக்குச் செவி கேக்காதா?"

"ஒருக்கா கேட்டுதுப்பா. பின்ன கேக்கல்ல."

நிரல் சுற்றிச் சுற்றி ஒன்றையே கேட்க வேண்டும்: அழுத்தியாச்சா? அந்தச் சுற்றுக்குள் பொத்தானின் நிலையை மாற்றும் வரி எதுவும் இல்லை என்று கம்பைலர் கண்டது. மாறாததை எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்பது? கேள்வியைச் சுற்றுக்கு வெளியே எடுத்து வைத்தது. தொடக்கத்தில் ஒரே முறை கேட்டது; கிடைத்த பதில் 'இல்லை.' அப்புறம் சும்மா சுற்றியது. வெளியே ஒரு மனிதர் விரலோடு இருப்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

(சரியாகச் சொன்னேனா என்று ஜெனிலாவிடம் கேட்டேன். "கிட்டத்தட்ட, சார்" என்றாள். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்ததில் நல்ல விமர்சனம்.)

4

நிரலில் 'வோலடைல்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். இது எப்போதும் மாறலாம், ஒவ்வொரு முறையும் போய்ப் பார் என்று பொருள். வீட்டில் மணி அடித்தது.

"இந்தச் சாமானம் இனி வேண்டாம் ஏட்டி" என்றான் லிஜின்.

கபிரியேல் பெட்டியை வாங்கிக்கொண்டார். "நேத்து நான் அமுக்குனேன். இண்ணைக்கு நீ வந்து அமுக்கு. ஏறு."

ஏறினாள். கடலுக்குள் போவது அவளுக்கு அதுவே முதல் முறை, வாந்தியெடுத்தாள். லிஜின் திட்டிக்கொண்டே தலையைப் பிடித்துக்கொண்டான். கரை மறைந்ததும் கபிரியேல் எஞ்சினை நிறுத்தினார். ஜான்ரோஸின் வள்ளம் சிறிதாகிக்கொண்டே போனது.

"ம், அமுக்கு மக்கா."

இதற்குமேல் ஜெனிலா சொல்லவில்லை. மணி அடித்ததாக எழுதினேன். விளம்பரம் மாதிரி இருந்தது. அடிக்கவில்லை என்று எழுதினேன். லிஜின் சொன்னதே சரி என்று ஆகிவிட்டது, எனக்குப் பொறுக்கவில்லை. ஜெனிலாவின் விரல் இன்னும் பொத்தான்மேல் இருக்கிறது. எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் அமுக்குங்கள்.