சத்தம் வராத கிட்டார்

லூர்து பிரகாஷ் பன்னிரண்டு வருடம் கோயிலில் கிட்டார் வாசித்தான். அந்தப் பன்னிரண்டு வருடமும் அதை ஒருவரும் கேட்கவில்லை என்பது பதின்மூன்றாம் வருடத் தொடக்கத்தில்தான் அவனுக்கே தெரிந்தது.

வில்லியனூருக்கு மேற்கே, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் இருக்கிறது அவர்கள் பங்குக் கோயில். அங்கே கீபோர்டு வாசித்துவந்த ஆன்டோ, விபூதிப் புதனோடு தவக்காலம் தொடங்க ஒரு வாரம் இருக்கையில் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு மைக் பெட்டியைப் பிரகாஷே திறக்கவேண்டி வந்தது. வரிசையாக ஆறு திருகுகள். ஒவ்வொன்றின் கீழும் சின்னதாக டேப் ஒட்டி, எது யாருடையது என்று ஆன்டோ எழுதி வைத்திருந்தான். கிட்டார் என்று எழுதியிருந்த திருகு பூஜ்யத்தில் நின்றது. தவறிப்போய் நிற்கவில்லை. யார் கைபட்டும் திரும்பிவிடக்கூடாது என்று திருகின் மேலேயும் ஒரு டேப் ஒட்டியிருந்தது. அது பழுத்து மஞ்சளாகிவிட்டிருந்த அழகைப் பார்த்தால் பத்து வருடத்துக்குக் குறையாது.

பிரகாஷ் அந்த டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். எத்தனை திருநாள், எத்தனை கல்யாணப் பூசை, எத்தனை பிள்ளைகளின் புதுநன்மை விழா! "தம்பி, இன்னிக்கு கிட்டாரு அமர்க்களம்" என்று கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள்தான் எத்தனை பேர்! நம் ஆட்கள் மற்றதில் எப்படியோ, பாராட்டில் தாராளம்.

ரோஷத்தில் டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு, திருகை முக்கால்வாசி திருப்பி, அன்றைய பூசைக்கு வாசித்தான். ஊர் முதல் முறையாக அவனுடைய கிட்டாரைக் கேட்டது. கேட்டபிறகு, ஆன்டோ ஏன் டேப் ஒட்டினான் என்பதும் ஊருக்கு விளங்கிப்போனது.

பூசை முடிந்ததும் பாட்டுக் குழுவை நடத்துகிற சூசைநாதன் அவனை ஓரமாக அழைத்துப்போனார். மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"இன்னாபா இது பிரகாசு, பாட்டு ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போற?"

"திருகு இத்தினி நாளா மூடி இருந்துச்சி சார். அதான் பழக்கம் இல்ல."

"மூடி இருந்தப்போ கொறை ஒண்ணும் இல்லியே." சூசைநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இத பாரு. புதுசா வந்திருக்கிற சாமியாரு ரொம்ப கறாரு. தவக்காலம் பூரா வாத்தியமே கூடாதுன்னுட்டாரு. பெரிய வியாழன் பூசையில வானவர் கீதத்துக்கு மட்டுந்தான் வாத்தியம். அன்னிக்கு நீ தனியா வாசி. நல்லா இருந்தா கிட்டாரு உன்னுது. இல்லன்னா வில்லியனூர்லேர்ந்து கீபோர்டுக்கு ஒரு ஆளப் புடிச்சிக்கிறன், நீ பாடறவங்களோட சேந்து நின்னுக்க."

பாடுகிறவர்களோடு நிற்பதில் ஒரு அவமானமும் இல்லை. ஆனால் ஊரில் மூன்று பிரகாஷ்கள் இருந்தார்கள். ஒருவன் டிராக்டர் பிரகாஷ், இன்னொருவன் சொசைட்டி பிரகாஷ், இவன் கிட்டார் பிரகாஷ். சேதராப்பட்டு கம்பெனியில் நாளெல்லாம் பாட்டில் மூடிகளைக் கையில் எடுத்து, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துப் போடுகிற வேலைக்காரன் அவன். அந்த வேலையை வைத்து யாரும் பட்டப்பெயர் வைக்கமாட்டார்கள். கிட்டாரும் போய்விட்டால் இனி அவன் செலின் மேரியின் புருஷன். அவ்வளவுதான்.

பழகிக்கொள்ள நாற்பது நாள் இருந்தது. பழக இடம்தான் இல்லை.

செலின் மேரி கோயிலில் முதல் குரல். அவள் எடுத்துக்கொடுத்தால்தான் சனங்கள் பாடுவார்கள். ஆனால் விபூதிப் புதன் வந்துவிட்டால் வீட்டில் டிவிக்குத் துணி போர்த்திவிடுவாள். போனில் பாட்டு அடித்தால் முறைப்பாள். தாளிப்பதைக்கூட அதிகம் பொரியவிடாமல் தாளிப்பாள்.

"வூட்டுல கொஞ்சம் வாசிச்சிப் பாக்கறன் செலினு" என்று கேட்டுத்தான் பார்த்தான்.

"ஆண்டவரு பாடுபடற காலத்துல வூட்டுல கச்சேரியா? நாலு வூடு தள்ளி கேக்கும். நல்லா வாசிச்சாலும் பரவால்ல."

கடைசி வாக்கியத்தை அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது அதிகமாக உறைத்தது.

ஆக, வீட்டுக்கு வெளியே பழகவேண்டும், பிறர் காதில் விழாமல் பழகவேண்டும். கிடைக்கிற ஒரே நேரம் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை, அரைமணி. பழைய கிட்டாரைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றினால் அதற்கு ஒரு சீட்டு வேண்டும். ஏற்றிக்கொண்டு போனாலும் வைக்க இடம் கிடையாது. இருக்கிற லாக்கரை நூல் பிடித்து அளந்தான். உயரம் இரண்டரை அடி, அகலம் ஒரு முழம்கூட இல்லை. அந்த நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கூட வேலை செய்கிற பாக்யராஜைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புதுச்சேரி டவுனுக்குப் போனான். பாக்யராஜுக்குக் கிட்டாரைப்பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் குறை கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவன். தர சோதனைப் பிரிவில் பதினோரு வருடம் என்றால் சும்மாவா!

கடைக்காரன் மணிபாரதி, குடுமி வைத்த பையன், முதலில் மரத்தில் ஒரு சின்னக் கிட்டாரை எடுத்துக் காட்டினான். பார்க்க லட்சணமாக இருந்தது. மீட்டினால் குரலும் நன்றாக இருந்தது. அதுதான் அதன் குறை. போதாததற்கு, நூலைப் பிடித்துப் பார்த்தால் லாக்கரைவிட நாலு விரல் நீளம்.

"அந்த நாலு வெரல வெட்டிக் குடுப்பியா?" என்றான் பாக்யராஜ்.

மணிபாரதி கோபித்துக்கொள்ளாமல் இரண்டாவதை எடுத்தான். அது கழுத்து மடங்குகிற கிட்டார். மடக்கினால் சாப்பாட்டுப் பைக்குள்ளேயே அடங்கிவிடும். பிரகாஷுக்குக் கண் விரிந்தது. ஆனால் மடக்கினால் கம்பிகள் தொளதொளத்துவிடும், நிமிர்த்தினால் ஒவ்வொரு கம்பியாக மறுபடியும் சுருதி சேர்க்கவேண்டும்.

"சேக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"பழகினவங்களுக்கு அஞ்சு நிமிஷம்ணா."

"இவனுக்கு?" என்று பிரகாஷைக் காட்டினான் பாக்யராஜ். மணிபாரதி ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரைமணி ஆகும் என்றான். சாப்பாட்டு இடைவேளை முழுக்கச் சுருதி சேர்த்துவிட்டு, மணி அடித்ததும் மடக்கி வைத்துவிட்டு வரலாம்.

மூன்றாவதாக வந்தது கிட்டார்போலவே இல்லை. தலை இல்லை, வயிறும் இல்லை. ஒரு கட்டை, அதன்மேல் ஆறு கம்பி, தொடையில் நிறுத்த வளைந்த கம்பிச் சட்டம் ஒன்று, ஹெட்போன் மாட்ட ஒரு துளை. லாக்கர் நூலுக்கு இரண்டு விரல் கம்மியாகவே இருந்தது. பிரகாஷ் மீட்டினான். கொசு பறப்பதுபோல் ஏதோ கேட்டது.

"சத்தமே வராதுண்ணா, அதான் இதோட ஸ்பெஷல். ஹெட்போன் போட்டா உங்களுக்கு மட்டும் கேக்கும்" என்றான் மணிபாரதி பெருமையாக.

பன்னிரண்டு வருடமாக இலவசமாகச் செய்துவந்த காரியத்துக்கு லூர்து பிரகாஷ் இப்போது காசு கொடுத்தான். அவனுக்கே அது தோன்றாமல் இல்லை. ஆனாலும் ஹெட்போனை மாட்டி ஒரு தரம் மீட்டியபோது, பெரிய மாதா கோயில் ஒன்றுக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் காதுக்குள் அப்படி ஒரு எதிரொலி. தான் இவ்வளவு நன்றாக வாசிப்போம் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது. பாக்யராஜ் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

கம்பெனி வாசலில் பை சோதிக்கிற செங்கமலம் அதை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இன்னா சார் இது?"

கிட்டார் என்றால் உள்ளே விடமாட்டார்கள். "முதுகுவலிக்கு சார்" என்று பாக்யராஜ் முந்திக்கொண்டு சொன்னான். பதற்றத்தில் செங்கமலத்தையே சார் ஆக்கிவிட்டான். அந்த வளைந்த சட்டத்தைப் பார்த்த செங்கமலம் நம்பினாள். நம்பியதோடு விடாமல் சூப்பர்வைசர் அரிகரன் வரைக்கும் வருத்தத்தோடு சொல்லியும்விட்டாள். மறுநாளே பிரகாஷுக்குச் சாய்மான நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்து மூடி பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு மனசாட்சி உறுத்தியது. தவக்காலத்தில் போய்ப் பொய்! ஆனாலும் நாற்காலி சுகமாகத்தான் இருந்தது.

அட்டைப்பெட்டிக் குடோனுக்குப் பின்னால், அடுக்கிவைத்த பலகைகளின்மேல் உட்கார்ந்து தினம் இருபது நிமிடம் வாசித்தான். அந்த ஒரே பாட்டு. முதல் வாரம் விரல் புண்ணானது. இரண்டாம் வாரம் புண் காய்த்துப்போனது. நான்காம் வாரம், விரலைப் பார்க்காமலே அடுத்த இடத்துக்கு விரல் போயிற்று. ஐந்தாம் வாரம் ஒரு நாள் பாக்யராஜ் ஹெட்போனின் ஒரு பக்கத்தை வாங்கிக் காதில் வைத்தான். தர சோதனைக்காரனின் முகத்தோடுதான் வைத்தான். பாட்டு முடிகிறவரை எடுக்கவில்லை.

"டேய்," என்றான், "நீ நெசமாவே வாசிக்கிறடா."

குறையே சொல்லாத பாக்யராஜை அன்றுதான் பிரகாஷ் பார்த்தான். இனி சூசைநாதன் மட்டுமல்ல, ஊரே வாயைப் பிளக்கப்போகிறது என்று நம்பினான்.

பெரிய வியாழன் சாயங்காலம் கோயில் நிரம்பி, வெளியே பந்தல் வரைக்கும் சனம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பையிலிருந்து அந்தக் கட்டையை எடுத்துச் சட்டத்தை மாட்டினான். செலின் மேரி அப்போதுதான் அதைப் பார்க்கிறாள்.

"இன்னாது, கிட்டாரா, கிட்டாரோட எலும்பா?"

வயரை மைக் பெட்டியில் செருகி, திருகைச் சரியாகப் பாதியில் வைத்தான். சாமியார் பீடத்தின் முன் நின்று கைகளை விரித்து வானவர் கீதத்தின் முதல் அடியைப் பாடினார். பிரகாஷ் கம்பிமேல் கையை வைத்தான்.

மணி அடித்தது.

வானவர் கீதத்துக்கு மணி அடிப்பார்கள். தவக்காலம் முழுக்கப் பாடாத பாட்டு. பெரிய வியாழன் அன்று அதைப் பாடும்போது பாட்டு முடிகிறவரை கோயிலில் உள்ள எல்லா மணியும் அடிக்கும். அதற்குப் பிறகு சனிக்கிழமை ராத்திரி ஈஸ்டர் பூசை வரைக்கும் மணியும் கிடையாது, வாத்தியமும் கிடையாது. ஆகவே இரண்டு நாளைக்கும் சேர்த்து இப்போதே அடித்துத் தீர்த்துவிடுவார்கள். கோபுரத்தில் இரண்டு பெரிய மணி, பீடத்தில் நாலு கைமணி, சுவரில் சக்கரம் சுற்றி அடிக்கிற கொத்துமணி. உலகத்தில் பிறந்த நாளிலிருந்து லூர்து பிரகாஷ் ஒரு பெரிய வியாழன்கூடத் தவறவிட்டதில்லை. சூசைநாதன் அறுபத்தாறு பார்த்துவிட்டார். இருந்தும், சோதனை வைத்தவருக்கும் தோன்றவில்லை, நாற்பது நாள் பழகியவனுக்கும் தோன்றவில்லை.

அவன் வாசித்தான். நிறுத்த முடியாதே! ஒரு விரல் பிசகவில்லை, ஒரு இடம் தவறவில்லை. வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக அவன் வாசித்ததில்லை. அவன் காதிலேயே அது விழவில்லை. அழவேண்டும்போல் இருந்தது. வாசித்துக்கொண்டே இருந்தான். பாட்டு முடிந்து, மணிகளும் ஓய்ந்து, கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் வந்து வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார். இனி வாத்தியத்துக்கு வேலை இல்லை.

பூசை முடிந்து பக்கவாட்டுக் கதவருகே சூசைநாதன் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பிசிறு இல்லபா! இனிமே கிட்டாரு உன்னுதுதான். சனிக்கிழமையும் நீதான், திருநாளுக்கும் நீதான்."

"காதுல வுழுந்துச்சா சார்?"

"அந்த மணிச் சத்தத்துல இன்னாபா காதுல வுழும்?" அவர் சிரித்தார். "பாத்துகினு இருந்தனே. வெரலு இன்னா அழகா போச்சி!"

ஜெயித்தாயிற்று. கிட்டார் பிரகாஷ் கிட்டார் பிரகாஷாகவே இருக்கலாம். ஆனால் தோற்றிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. செலின் மேரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டினான். மதகுவரை பொறுத்தான். பிறகு பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

"பக்கத்துலதான நின்ன. நீயாவது கேட்டியா?"

"எனக்கு நான் பாடறதே கேக்கல, இதுல உன்னுது எங்க கேக்கறது?" என்றாள் அவள். "எங்க எடுக்கணும், எங்க நிறுத்தணும்னே புரில. பயந்துபூட்டன். அப்புறம் உன் காலப் பாத்தன். தாளம் தட்டிகினு இருந்த. அதையே பாத்துகினு பாடனன். நான் எடுத்த எடத்துல சனங்களும் எடுத்தாங்க."

பிரகாஷ் வண்டியை ஓரம் கட்டினான். கோயிலும் பந்தலும் சேர்த்து ஐந்நூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் தன் வெறுங்கால் பட்ட இடத்தில் பாடியிருக்கிறார்கள். தரையில் பட்டால் சத்தம்கூட வராத கால். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னாத்துக்கு நிறுத்தன?" என்றாள் செலின் மேரி. "மூணாவது அடியில மட்டும் கொஞ்சம் லேட்டா தட்டன. சனிக்கிழமை பாத்து தட்டு."